இரண்டு நிமிட ஏ.என். செக்கப்பில் என்ன கிடைக்கும்?

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். முதல் குழந்தை, மூன்றாம் மாதம் முடியப்போகிறது. காலையிலேயே கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் மதியம்வரை உட்கார்ந்தால் எடை, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, "அடுத்த மாசம் வாம்மா" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள், இந்த ஏ.என். செக்கப்புக்கு, அதாவது கர்ப்பகாலப் பரிசோதனைக்கு, மாதாமாதம் போகத்தான் வேண்டுமா, கடன் வாங்கியாவது பிரைவேட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிறபோக்கில், தைராய்டு மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டில் சொன்னதால் நிறுத்திவிட்டதாகவும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

அரசா தனியாரா என்பது மேலோட்டமான கேள்வி. அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கும் என் குழந்தைக்கும் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நான் வட சென்னையில் நகர சுகாதார செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கத்துக் கர்ப்பிணிகளோடுதான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. டாக்டர் இல்லை. எனவே எந்த மருந்தை எவ்வளவு சாப்பிடுவது என்று இங்கே நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். உங்கள் ரிப்போர்ட்டையும் நான் பார்க்கவில்லை.

முதலில் அந்தக் கடைசி வரி. அதுதான் அவசரம். தைராய்டு குறைவுக்குத் தரும் மாத்திரையைக் கர்ப்பத்தில் நிறுத்தக்கூடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. முதல் மூன்று மாதம் குழந்தைக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் முழுக்க உங்களிடமிருந்துதான் போகிறது. அதன் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். அதனால்தான் பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியானதுமே டாக்டர்கள் இந்த மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே பழைய மாத்திரை அட்டையையும் பழைய ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய், "நிறுத்தி இத்தனை நாளாச்சு, டி.எஸ்.எச். பாக்கணும்" என்று டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. திட்டுவார்களோ என்று பயப்படாதீர்கள். திட்டினாலும் ஒரு நிமிடம்தான். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா என்று எதற்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதுவேதான்: சில மருந்துகளைக் கர்ப்பத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் மாற்றுவது டாக்டர் வேலை, நாமாக நிறுத்துவது ஆபத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு முக்கியமான விஷயத்தை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் உங்களிடம் கேட்டிருக்கவில்லை, நீங்களும் சொல்லியிருக்கவில்லை. ஏ.என். செக்கப்பில் கிடைக்கும் பலனில் பாதி, நாம் உள்ளே எதைக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கூட்டம் உள்ள இடத்தில் டாக்டரால் அரை மணி நேரம் பேச முடியாது. ஆனால் நீங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க உங்களுடையது. ஒரு துண்டுத்தாளில் மூன்றே கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். முக்கியமானது முதலில் இருக்கட்டும், ஏனென்றால் மூன்றாவதைக் கேட்பதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடலாம்.

அந்த இரண்டு நிமிடத்தில் பார்ப்பது சாதாரணமாகத் தெரியும். ஆனால் கர்ப்பிணிகளின் உயிரைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அந்தச் சாதாரண விஷயங்களுக்குத்தான். பிரஷரை எடுத்துக்கொள்ளுங்கள். 140/90 தொட்டால் அது அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். வியாசர்பாடிப் பெண் ஒருத்திக்கு மூன்றாம் மாதத்தில் 100/60. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனவளுக்கு அங்கே ஏழரை மாதத்தில் பார்த்தபோது 130/86. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் 'நார்மல்' என்று அனுப்பிவிடலாம். செக்கப் விவரமெல்லாம் எழுதியிருக்கும் பழைய கார்டை அவள் மறக்காமல் கொண்டுபோயிருந்தாள். 100/60 இருந்தவள் இவ்வளவு ஏறியிருக்கிறாளே என்று அங்கிருந்த டாக்டர் மூன்று நாளில் திரும்ப வரச் சொன்னார். மூன்றாம் நாள் 150/100, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இரண்டு பிளஸ். அன்றே அட்மிஷன் போட்டுவிட்டார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். ஒரு தடவை பார்க்கும் எண் பாதிதான் சொல்லும். போன மாதத்து எண்ணோடு சேர்த்து வைத்தால்தான் அது பேசும். மாதாமாதம் போகத்தான் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். குறைந்தது நான்கு முறை என்பது நம் நாட்டுக் கணக்கு, உலக சுகாதார நிறுவனம் 2016இல் எட்டு முறை என்றது. உங்களுக்குத் தைராய்டு இருப்பதால் டாக்டர் சொல்கிற தேதி எதையும் தவறவிடாதீர்கள்.

பிரஷர் பார்க்கும்போது ஒரு சின்ன விஷயம். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, மாடி ஏறிய மூச்சோடு கையை நீட்டினால் எண் தப்பாக வரும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால் தரையில் பட்டிருக்கட்டும், சிறுநீர் போய்விட்டு வாருங்கள், பார்க்கும்போது பேசாதீர்கள். எண்ணைக் கேட்டு, கார்டில் எழுதியாயிற்றா என்று பார்த்துவிட்டு நகருங்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மழை வெள்ளத்தில் கார்டு நனைந்து கிழிந்துபோன வீடுகளை நம் பகுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனைகளில் உங்கள் கையில் இருக்க வேண்டியவை ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள்காமாலை பி முடிவுகள். ரத்த வகை நெகட்டிவ் என்று வந்தால் கணவருடைய வகையையும் பார்க்க வேண்டும். அவர் பாசிட்டிவ் என்றால், தாய் ரத்தமும் குழந்தை ரத்தமும் ஒத்துப்போகாமல் வரும் சிக்கலைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி நீங்களே கேளுங்கள். அதை வழக்கமாக 28 வாரத்தில் ஒரு முறையும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறையும் போடுவார்கள். நடுவில் ரத்தப்போக்கு இருந்தாலும் போட வேண்டியிருக்கும். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுக்கும் டி.டி. ஊசி ஒரு மாத இடைவெளியில் இரண்டு.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லாத இந்த முறை நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவின் உழைப்பால் நாடு முழுக்க வந்தது. வெறும் வயிற்றில் வா என்றால் பாதிப்பேர் திரும்ப வரமாட்டார்கள் என்பதைப் புரிந்துகொண்டு செய்தது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் வெளியே போய் டீ, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அப்படிச் செய்தால் முடிவு வீண். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் செய்வார்கள். முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு அப்போதுதான் சர்க்கரை தலைகாட்டும்.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் அட்மிஷன் போட்டுப் பார்க்க வேண்டிய நிலை. இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். எல்லாரும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். எல்லாரும் சாப்பிடுவதில்லை. காசிமேட்டில் ஒரு வீட்டில் மாத்திரையைக் காட்டச் சொன்னேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பிரிக்காத அட்டைகளாக எடுத்து நீட்டினாள் அந்தப் பெண். "கறுப்பா வெளிக்குப் போகுது சிஸ்டர், பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு ஆயா சொல்லுது" என்றாள். மலம் கறுப்பாவது இரும்பு மிச்சம் வெளியேறுவதால். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குங்குமப்பூவும் நிறத்தை மாற்றாது. குமட்டல், மலச்சிக்கல் வந்தால் நிறுத்தாதீர்கள், வேறு வகை மாத்திரை இருக்கிறது, கேளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊசி வழியாகவும் இரும்பு ஏற்றுவார்கள்.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதல். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராமல் தடுக்கும். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். மூன்றையும் காலையில் ஒரே மூச்சில் விழுங்கினால் மூன்றும் வீண். இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் கால்சியம். இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன் இரும்பு. தைராய்டுக்கும் மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்த வரிசையை உங்கள் டாக்டரிடமும் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம், இரும்பு சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும்.

ஸ்கேனைப் பொறுத்தவரை எண்ணிக்கை அல்ல, நேரம்தான் முக்கியம். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை ஒன்று, 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் ஒன்று. உங்களுக்கு முதலாவதன் நேரம் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது, நாளை போகும்போதே கேளுங்கள். பிரசவத் தேதியைக் கணக்கிட ஆரம்ப மாத ஸ்கேன்தான் நம்பகமானது. பிறகு எடுக்கும் ஸ்கேன்களில் தேதி மாறி மாறி வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், முதலில் குறித்ததே கணக்கு. கடைசி மாத ஸ்கேனில் வரும் குழந்தையின் எடை ஒரு மதிப்பீடு, பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும். 'மூன்று கிலோ' என்று எழுதியிருந்த குழந்தை 2.7 கிலோவாகப் பிறந்தால் யாரும் ஏமாற்றிவிடவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். புரோட்டீன் பவுடர் கண்டிப்பாக வாங்க வேண்டுமா என்று நிறையப்பேர் கேட்பார்கள். ஒழுங்காகச் சாப்பிடும் பெண்ணுக்கு அது தேவை என்று சொல்ல ஆதாரம் போதாது. அந்தக் காசுக்கு முட்டை, வேர்க்கடலை, பயறு, கீரை வாங்கினால் கூடுதல் பலன் என்பது என் கருத்து. மீன் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது என்ன குறை? மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் நல்லவை. சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவை வேண்டாம். பால் சுரக்கச் சுறாப்புட்டு என்ற வழக்கம் நம் பக்கம் உண்டு. அதற்கும் அடிக்கடி வேண்டாம் என்றே சொல்வேன். நன்றாகப் பழுத்த பப்பாளியால் கர்ப்பம் கலையாது, பால் வடியும் காயைத்தான் தவிர்க்க வேண்டும். ஓய்வாகப் படுத்தே கிடந்தால் குறைமாதப் பிரசவம் வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை. டாக்டர் குறிப்பாகச் சொன்னால் ஒழிய நடமாடுங்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கக் காற்று குழந்தையைப் பாதிக்குமா என்றும் கேட்பார்கள். மாசுபட்ட காற்றுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் தொடர்பு இருப்பதாக உலகம் முழுக்கப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உங்கள் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பாதிப்பு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதற்காக வீடு மாற எல்லாராலும் முடியாது. வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது முடியும். மாவா, புகையிலை போடும் பழக்கம் வீட்டில் யாருக்கு இருந்தாலும், குறிப்பாக உங்களுக்கு இருந்தால், சிஸ்டரிடம் மறைக்காதீர்கள். கொசுவலைக்குள் தூங்குங்கள், காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

செக்கப் தேதிக்குக் காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் உண்டு. ரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல், திடீரென முகமும் கையும் வீங்குவது, வலிப்பு, மூச்சுத்திணறல், கடும் காய்ச்சல். இவற்றோடு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்குழியில், வலது விலாவுக்குக் கீழே வரும் வலி. "கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சேன்" என்று சொல்லும் பெண்களில் சிலருக்கு அது கேஸ் இல்லை, பிரஷர் ஏறிக் கல்லீரலைத் தொட்டுவிட்டதன் அடையாளம். சோடா வேண்டாம், பிரஷர் பாருங்கள். குழந்தையின் அசைவுக்கும் அப்படித்தான். பத்து தடவை அசைய வேண்டும் என்பது போன்ற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. உங்கள் குழந்தையின் வழக்கம் ஆறேழு மாதத்தில் உங்களுக்கே பிடிபடும். அந்த வழக்கம் குறைந்தால், அசைவு நின்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நள்ளிரவு என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ராத்திரியில் ஒரு கர்ப்பிணி தேவையில்லாமல் வந்துவிட்டாள் என்று எந்த நல்ல செவிலியரும் நினைக்க மாட்டாள்.

மனசு பற்றியும் கேளுங்கள். வாரக்கணக்கில் அழுகையும் தூக்கமின்மையும் இருந்தால் அதுவும் செக்கப்பில் சொல்ல வேண்டிய விஷயம்தான். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். வீட்டில் அடி உதை இருந்தால் 181. கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லும்படி சிஸ்டரிடம் கேட்கலாம். இதை நாங்கள் தினமும் செய்வதுதான்.

இனி அரசா, பிரைவேட்டா. கடன் வாங்கிப் போகாதீர்கள். மேலே சொன்ன பரிசோதனைகளும் மாத்திரைகளும் ஊசிகளும் அரசில் இலவசம். சிக்கல் என்றால் நம் பகுதியிலிருந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். கடினமான பிரசவங்களை அன்றாடம் பார்க்கும் கைகள் அங்கே இருக்கின்றன. பிரைவேட்டில் உட்காரும் நேரம் குறையும், டாக்டர் கூடுதலாகப் பேசுவார், அது உண்மையான வசதி, வசதியுள்ளவர்கள் போகட்டும். எங்கே போனாலும் பிக்மி நம்பர், அதாவது அரசு தரும் கர்ப்பப் பதிவு எண், வாங்கிவிடுங்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது நல்லது. பிறப்புச் சான்றிதழுக்கும், 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் அந்த நம்பர் வேண்டும். அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். தவணை எப்போது, என்ன நிபந்தனை என்பது மாறிக்கொண்டே வருவதால் உங்கள் ஏரியா சிஸ்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நாள். டாக்டரை நிதானமாகப் பார்க்க விரும்பினால் அன்று உங்கள் மையத்தில் யார் இருப்பார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

வளைகாப்புக்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போவீர்கள் என்றால், போவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சிஸ்டரிடம் சொல்லி, அந்த ஊர் சிஸ்டருடைய நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பிக்மி நம்பர் அங்கேயும் அதேதான். போய் இறங்கிய வாரத்திலேயே அங்கே ஒரு செக்கப் போய்விடுங்கள். ஏழாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் நடுவில், இரண்டு ஊருக்கும் இடையில், யார் கணக்கிலும் இல்லாமல் போகும் பெண்களைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் அதிகக் கவலை. கார்டு, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், தைராய்டு மாத்திரை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சேலைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். நாளை டி.எஸ்.எச். ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வாருங்கள், அந்தத் தேதியில் மறக்காமல் போய் வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.